ஒரு பல்லுப் போன இடத்துக்கு பிறிட்ஜ் போடலாமோ?

2022 தை 9
கேள்வி (மானிப்பாய்த் தம்பி ஒருத்தர்): ஐயாக்கு 61 வயசு. கீழ்க் கொடுப்புப் பல்லு (கடைவாய்ப் பல்லு) ஒண்டு போன வருசம் புடுங்கினது, அந்தப் பக்கத்தால மெல்ல ஏலாமக் கஸ்ரப்படுறார். ஒரு டொக்டர் பிறிட்ஜ் போடுவம் எண்டுறார், இன்னொருத்தர் இம்பிளான்ற் எண்டுறார். எங்கட சித்தப்பா சொல்லுறார் பிறிட்ஜ் எண்டால் ஒருக்காப் போட்டாச் சரியாம், ஆயுளுக்கும் திரும்பிப் பாக்கத் தேவையில்லையாம். போட்ட ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.

2022 தை 11
தம்பி, நல்ல நேரத்தில கேட்டிருக்கிறீர், நானும் இப்ப இந்தக் கதைக்குள்ளதான் கிடக்கிறன். எனக்குப் போனதும் கீழ்ப் பல்லுத்தான், இடப்பக்கம், முதலாம் கொடுப்புப் பல்லு. அது பழைய வருத்தக்காறப் பல்லு. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில சாவகச்சேரியில ஒரு வீட்டு விறாந்தையில சனத்தோட சனமாக் கிடக்கேக்க வீங்கினது, டொக்டரும் இல்லை ஒண்டும் இல்லை, அம்மா கராம்பு ஒண்டை வைச்சுக் கடிச்சுக்கொண்டு படு எண்டா. திரும்பி வந்து பெருசா ஒரு அடைப்பு அடைச்சு 25 வருசம் ஓட்டினன். போன ஐப்பசியில மனிசியின்ர ஊரிலயிருந்து வந்த புழுக்கொடியல் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு), பின்னேரம் தேத்தண்ணியோட ஒரு கடி, ‘டக்’ எண்டு ஒரு சத்தம். ஒடியல்தான் முறிஞ்சது எண்டு சந்தோசப்பட்டன். பல்லு நடுவால வேர் வரைக்கும் பிளந்திட்டுது. புடுங்கிறதை விட வேற வழியில்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

இப்ப மூண்டு வழி சொல்லியிருக்கிறார். கழட்டிப் பூட்டுற பிளேற், பிறிட்ஜ், இம்பிளான்ற் (எலும்புக்க ஸ்குரூ இறக்கி மேல பல்லு வைக்கிறது). பிறிட்ஜ் எண்டால் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற பல்லுகளைச் சுத்திவரத் தேச்சு சின்னனாக்கி, அந்த ரெண்டுக்கும் தொப்பி போட்டு, நடுவில ஒரு பொய்ப்பல்லை அந்தத் தொப்பியளோடயே ஒட்டின மாதிரி வார்த்து எடுக்கிறது. மூண்டும் ஒரே துண்டு. சீமெந்து வைச்சு ஒட்டினாக் கழட்ட ஏலாது. ஒரு பக்கப் பல்லு மட்டும் பிடிக்கிற பிறிட்ஜும் இருக்காம், பண்ணைப் பாலம் மாதிரி ரெண்டு கரையிலயும் முட்டாமல் குறிகட்டுவான் துறை மாதிரிக் கடலுக்க நீட்டிக்கொண்டு நிக்கிற சாமான். கொடுப்புப் பல்லுக்கு அது சரிவராது எண்டார்.

நான் பிறிட்ஜுக்கு ஓம் எண்டிட்டன். காரணம் சிம்பிள், வெட்டுக்குத்து இல்லை, ரெண்டு மூண்டு கிழமையில முடிஞ்சிடும், காசும் இம்பிளான்றைவிடக் குறைவு. தேக்கிற பல்லு நல்ல பல்லெல்லோ எண்டு கேட்டனான், ‘பின்பல்லில ஏற்கெனவே பெரிய அடைப்பு இருக்கு, அதுக்கு எப்பிடியும் ஒரு தொப்பி போடத்தான் வேணும்’ எண்டார். ஓட்டைக்கு முன்னால நிக்கிற பல்லைப் பற்றி நான் கேக்கேல்லை. போர்சலினில சூத்தை விழாதுதானே, பிறகென்ன பயம். ஐயாக்கும் யோசியாமப் போடும்.

2022 தை 12
ஒரு பகிடி. நேற்று இரவு மனிசி போனில தங்கச்சிக்காறிக்குச் சொல்லுறா ‘இவர் பிறிட்ஜ் போடப்போறாராம், அறுபத்தாறாயிரமாம்’ எண்டு. அங்கால தங்கச்சி: ‘உந்த விலைக்கு எத்தினை லீற்றர், ரெண்டு கதவோ?’ எங்கட வாயில பாலமும் ஒண்டு, குளிர்ப்பெட்டியும் ஒண்டு. இனிப் பல்லுப்பாலம் எண்டு சொல்லுவமோ எண்டு பாத்தன், அது இன்னும் பகிடியாக் கிடக்கு.

விலை சொன்னதால ஒண்டு. ஒரு பல்லுத்தானே போனது ஏன் மூண்டு பல்லுக்குக் காசு எண்டு நானும் சண்டை பிடிச்சனான். தொப்பி ரெண்டு, பொய்ப்பல்லு ஒண்டு, ஆக மூண்டு யூனிற், யூனிற்றுக்கு 22,000. உள்ளுக்கு உலோகம், வெளியில போர்சலின். உலோகம் இல்லாமல் முழுச் சிர்கோனியா (வெள்ளைச் செராமிக்) எண்டால் விலை கூட.

2022 மாசி 3
இண்டைக்குத் தேச்சாச்சு. இப்பவும் பாதி வாய் விறைப்பு, தேத்தண்ணி நாடியால வடியுது, அதால பிழையா எழுதினாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

விறைப்பூசி நோகேல்லை. சத்தம்தான். எலும்பு கருகின மாதிரி ஒரு மணம் வரும், மூக்கைப் பொத்தவும் ஏலாது, வாய் முழுக்கத் தண்ணி, அந்த உறிஞ்சிற குழாய் நாக்கைப் பிடிச்சு இழுக்குது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல. முடிஞ்சாப்போல ‘கண்ணாடி தாங்கோ ஒருக்காப் பாப்பம்’ எண்டன், டொக்டர் ‘வேண்டாம் ஐயா’ எண்டார், நான் விடேல்லை. பாத்திருக்கக்கூடாது. பின்பல்லு பரவாயில்லை, அது ஏற்கெனவே அரைவாசி அடைப்புத்தான். முன்னால நிண்ட பல்லு, இவ்வளவு வருசமா ஒரு கறையும் படாமல், ஒரு அடைப்பும் இல்லாமல், ஒரு நாளும் நோகாமல் நிண்ட பல்லு, பள்ளிக்குடத்துப் பெடியள் சீவிச் சீவி முடிச்ச பென்சில் கட்டை மாதிரி நிக்குது. சுத்திவர ஒண்டரை மில்லிமீற்றர் மட்டில எடுக்கோணுமாம், மேலால இன்னும் கொஞ்சம் கூட. பல்லின்ர வெளிப்படையான மிளிரி (இனாமல்) ஒருக்காப் போனாத் திரும்ப முளைக்காது எண்டது எனக்குத் தெரியும், சின்ன வகுப்பிலயே படிச்சது. ஆனா கண்ணாடியில பாக்கேக்கதான் விளங்கினது.

பேந்து அச்சு எடுத்தவை. றப்பர் மாதிரி ஒரு களி, தட்டில வைச்சு அமத்திப் பிடிச்சு அஞ்சு நிமிசம், ஓங்காளிச்சுக்கொண்டு வந்தது, ‘மூக்கால மூச்சு எடுங்கோ, கால் பெருவிரலை ஆட்டுங்கோ’ எண்டார். ஏன் பெருவிரல் எண்டு தெரியாது ஆனா வேலை செய்தது. நிறம் பாக்க லைற்றை நிப்பாட்டிப்போட்டு யன்னல் பக்கம் திருப்பினார், ஒரு கோர்வை பல்லு மாதிரிகளைப் பக்கத்தில வைச்சு வைச்சுப் பாத்து ஏ 3.5 எண்டு எழுதினார். நான் கொஞ்சம் வெள்ளையாப் போடுங்கோவன் எண்டன். ‘மற்றப் பல்லெல்லாம் வெத்திலைக்காலத்துப் பல்லு, அது மட்டும் வெள்ளையா நிண்டாச் சந்தியில வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கும்’ எண்டார். வெத்திலை விட்டு ஏழு வருசம், எப்பிடிக் கண்டு பிடிச்சாரோ.

தற்காலிகமா ஒரு பிளாஸ்ரிக் பிறிட்ஜ் ஒட்டி விட்டிருக்கு.

2022 மாசி 6
அது கழண்டிட்டுது. ஒட்டுற சாமான் சாப்பிடாதேங்கோ எண்டு தெளிவாச் சொன்னவர். பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைச்சது) ஒட்டுற சாமான் எண்டு எனக்கு அப்ப யோசினை வரேல்லை. வாயிலயிருந்து பனாட்டை எடுத்துப் பாத்தா அதுக்குள்ள மூண்டு பல்லுச் சிரிச்சுக்கொண்டிருக்கு.

கழண்டாச் செய்ய வேண்டியது, கழுவிக் குளிசைப் பெட்டியில வைச்சுக்கொண்டு போறது. கடையில விக்கிற பசை போட்டு ஒட்டச் சொல்லி ஒரு நண்பர் அறிவுரை சொன்னார், அவரே பேந்து ‘செருப்பு நல்லா ஒட்டினது’ எண்டார். செய்யாதேங்கோ, அந்தப் பசை முரசை (ஈறை) எரிக்கும். தேச்ச பல்லு வெறுமனே நிண்டால் பச்சைத் தண்ணி பட்டாலே உயிர் போகும், அதோட ரெண்டு மூண்டு நாள் விட்டால் பல்லு அசைஞ்சு, வரப்போற பிறிட்ஜ் பொருந்தாது. அதால அடுத்த நாளே ஓடினன்.

2022 பங்குனி 31
ஒட்டியாச்சு! லாப் கொழும்பில, பார்சல் இரவு பஸ்ஸில வாறது, டீசல் இல்லை பஸ் இல்லை எண்டு அது ரெண்டு தரம் பிந்தி, ரெண்டு கிழமை எண்டு சொன்னது எட்டுக் கிழமையாப் போட்டுது. இண்டைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டு, ஜெனறேற்றரைப் போட்டுத்தான் செய்தவர், அதுக்கு ஊத்தின டீசலுக்குப் பெடியன் ஒருத்தன் விடிய வெள்ளெண வரிசையில நிண்டவனாம்.

நீலக் காபன் பேப்பர் மாதிரி ஒண்டைக் கடிக்கச் சொல்லி, உயரமான இடத்தில நீலம் படிஞ்சதைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டி, திரும்பக் கடி, திரும்பச் சுரண்டு, பத்துத் தரம். இதில அவசரப்படக்கூடாது, வெக்கப்பட்டு ‘சரி டொக்டர்’ எண்டு எழும்பவும் கூடாது. ஒரு தலைமயிர் அளவு உயரமா நிண்டாலும் ஒவ்வொரு கடியும் அந்தப் பல்லுக்குத்தான் விழும்.

வீட்ட வந்து புட்டும் மீன் குழம்பும் இடப்பக்கத்தால சாப்பிட்டன். ஆறு மாசத்துக்குப் பிறகு. வேற ஒண்டும் எழுதத் தோன்றேல்லை.

2022 சித்திரை 18
நயினாதீவுக்காற அண்ணை ஒருத்தர் என்னைப் பிடிச்சிட்டார். குறிகட்டுவான் துறைக்குக் கீழ தண்ணிக்குள்ள தூண் இருக்கு தம்பி, அது அந்தரத்தில நிக்கேல்லை, கிழமைக்கு ரெண்டு தரம் அதில ஏறுறன் எண்டு சொல்லுறார். சரி அண்ணை, பிழை என்ர. யன்னலுக்கு மேல நீட்டி நிக்கிற சிலாப் எண்டு வைப்பம், ஒரு பக்கம் சுவருக்க, மற்றப் பக்கம் வெறும் காத்து. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும், மேல ஆள் ஏறினா விழும். அதாலதான் ஒரு பக்கப் பிறிட்ஜை முன்பல்லு மாதிரிப் பாரம் குறைஞ்ச இடத்துக்கு வைக்கினம்.

முன்பல்லுக்கு இன்னொண்டும் இருக்கு, மேரிலண்ட் பிறிட்ஜ். அமெரிக்காவில மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில உருவாக்கினதால அந்தப் பேர். பல்லைச் சுத்தித் தேக்கிறேல்லை, பின்பக்கத்தில மெல்லிய செட்டை மாதிரி ரெண்டை ஒட்டிவிடுகினம், சில நேரம் ஒரு செட்டையே போதும். கூடினா அது கழண்டு விழும், ஆனா விழுந்தாத் திரும்ப ஒட்டலாம், பல்லு அப்பிடியே இருக்கும். என்ர மச்சாளின்ர மகளுக்கு வலைப்பந்தில முன்பல்லுப் போனது, 19 வயசுப் பிள்ளை, ரெண்டு நல்ல பல்லை ஏன் தேய்ப்பான் எண்டு இதைத்தான் போட்டவை. அந்தப் பிள்ளை சிரிக்கேக்க எது பொய்ப்பல்லு எண்டு நான் இண்டைக்கும் மாறிமாறித்தான் சொல்லுவன்.

விலை கேட்ட எல்லாருக்கும்: நான் சொன்ன விலை செத்துப்போச்சு. டொலர் 200 இல நிண்டது 300 ஐத் தாண்டிட்டுது, பல்லுச் சாமான் முழுக்க இறக்குமதி. போன் பண்ணிக் கேளுங்கோ.

2022 ஆவணி 14
நல்லூர்த் திருவிழா. கச்சான் (நிலக்கடலை) கடைகளைக் கடந்து நடக்க ஏலுமோ. ஒரு சுருள் வாங்கி வலப்பக்கத்தால மட்டும் கடிப்பம் எண்டு தொடங்கி, கதை சுவாரசியத்தில இடப்பக்கம் போட்டுது. ஒண்டும் நடக்கேல்லை. நல்லா நிக்குது. கச்சான் கோது மட்டும் பொய்ப்பல்லுக்குக் கீழ போய் மூண்டு நாள் குடியிருந்தது.

2023 மாசி 2
ஒரு வருசம். கச்சான் கோதால ஒரு பாடம் படிச்சனான், எழுதவேணும் எண்டு நினைச்சு நினைச்சு விட்டிட்டன்.

பொய்ப்பல்லு முரசில முட்டிக்கொண்டு நிக்கும், வேரில்லை. பல்லுப் புடுங்கின இடத்து எலும்பு காலம் போகப்போகக் கரைஞ்சு பதியும், அதால கீழ ஒரு நீக்கல் வரும். எனக்கு இப்பவே ஒரு மெல்லிய நீக்கல் இருக்கு, ‘ச’ சொல்லேக்க விசில் அடிக்குது எண்டு மனிசி சொல்லுறா, நான் ஒத்துக்கொள்ளேல்லை. அந்த நீக்கலுக்க பிரஸ் போகாது. பல்லுக்கிடையில விடுற நூலும் மேலால போகாது, ஏனெண்டா மூண்டும் ஒட்டினபடி. ஊசியில நூல் கோக்கிற மாதிரிப் பக்கவாட்டால கோத்து, கீழால இழுத்து, தொப்பி முரசைத் தொடுற கரையை ரெண்டு பக்கமும் உரஞ்சி எடுக்கோணும். ஒரு நுனி விறைப்பா, நடு பஞ்சு மாதிரி இருக்கிற நூல் ஒண்டு இருக்கு, அதுதான் சுகம், ரொறன்ரோவிலயிருந்து தங்கச்சி அனுப்பிறவ. இஞ்ச பாமசியில கேட்டாப் பொடியன் காயத்துக்குப் போடுற பஞ்சைத் தூக்கித் தந்தான். சின்னப் போத்தல் பிரஸ் மாதிரி ஒண்டு கிடைக்குது, அதுவும் பரவாயில்லை.

குருநகர்க்காற நண்பன் தூண்டில் நரம்பு ஒரு சுருள் தந்தான், ‘இது 30 கிலோ மீனைப் பிடிக்கும், உன்ர கச்சான் கோதைப் பிடிக்காதோ’ எண்டு. அது முரசை வெட்டும். வேலியில கட்டி உடுப்புக் காயப்போடப் பாவிக்கிறம்.

தை 11 இல நான் எழுதின ‘போர்சலினில சூத்தை விழாது’ எண்ட வரி. உண்மைதான், போர்சலினில விழாது. அதுக்குக் கீழ நிக்கிறது என்ர பல்லு. தொப்பியும் பல்லும் சந்திக்கிற கரையிலதான் விழும். இதைச் சொன்னது கிளினிக்கில உதவிக்கு நிக்கிற பிள்ளை, 22 வயசு இருக்கும், ஐம்பது வயசுக்காறனுக்குச் சொல்லித் தருது.

2023 ஐப்பசி 21
இது பிறிட்ஜ் கதை இல்லை. அம்மாட பிளேற். 82 வயசு, மேல் பல்லு நாலு இல்லை, பிளாஸ்ரிக் பிளேற் ஒண்டு கட்டினது. கழட்டிச் சிரட்டைக்க போட்டு வைப்பா. டம்ளர் வாங்கிக் குடுத்தும் சிரட்டைதான். போன ஞாயிறு ஒடியல் கூழ் காய்ச்சினது, நண்டு, றால், பயித்தங்காய் எல்லாம் போட்டு, முத்தத்தில எல்லாரும் பிலா இலையில குடிச்சுக்கொண்டிருக்க அம்மா திடீரெண்டு பேசாமல் இருந்திட்டா. பாத்தாப் பிளேற் இல்லை. கூழுக்க விழுந்திட்டுது. எந்தப் பாத்திரத்துக்க எண்டு அவவுக்கே தெரியாது. கடைசியா மருமகன்ர இலையில வந்தது, அவன் நண்டுக்கால் எண்டு நினைச்சு வாயில வைச்சவன். அண்டையிலிருந்து அவன் கூழ் குடிக்கிறேல்லை.

அந்தப் பிளேற்றை நான் பகிடி பண்ணினனான். ஒரு பல்லையும் தேய்க்காத, வேணுமெண்டாக் கழட்டிக் கழுவுற சாமான் அது. அம்மாட மிச்சப் பல்லெல்லாம் கடவுள் தந்தபடி நிக்குது.

2024 ஆனி 8
பிரச்சினை.

ரெண்டு கிழமையா விடிய எழும்பேக்க இடப்பக்கத்தில ஒரு உப்புச் சுவை. மணமும். நோ எண்டு ஒண்டும் இல்லை. நூல் விட்டுப் பாத்தன், பின்தொப்பிக் கரையில நூல் கிழியுது. பேந்து ரோச் லைற்றைப் பிடிச்சு, விரலால பிறிட்ஜின்ர பின்பக்கத்தை அமத்தினன். அமத்தேக்க கரையால குட்டிக் குட்டிக் குமிழ் வந்தது. விட்டா உள்ள இழுத்தது. திரும்ப அமத்தினன், திரும்பக் குமிழ். பத்துத் தரம் பாத்திருப்பன், மனிசி வந்து ‘என்ன கண்ணாடியோட விளையாட்டு’ எண்டா.

2024 ஆனி 13
எக்ஸ்றே எடுத்தாச்சு. பின்பல்லில சீமெந்து கரைஞ்சு தொப்பி விட்டிருக்கு. முன்பல்லு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டதால முழுசும் கழண்டு விழேல்லை, அதாலதான் எனக்குத் தெரியேல்லை. விழுந்திருந்தால் அண்டைக்கே ஓடியிருப்பன். விழாமல், ஒவ்வொரு கடிக்கும் ஒரு பம்பி மாதிரி எச்சிலையும் சாப்பாட்டையும் உள்ள உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கு, எவ்வளவு மாசமோ. உள்ளுக்கப் பல்லு ஈரப் பலகை மாதிரி. அந்தப் பல்லு பழசில நரம்பு எடுத்து அடைச்ச பல்லு, அது நோகவும் மாட்டுது.

வெட்டித்தான் கழட்டினவர். நடுவால ரெண்டாப் பிளந்து, பின்தொப்பி கையோட வந்தது, முன்தொப்பியைக் கீறி விரிச்சு எடுக்கோணும். முன்பல்லு, அந்தப் பென்சில் கட்டை, சுத்தமா நிக்குது. பின்பல்லுச் சூத்தை முரசுக்குக் கீழ எலும்பு வரைக்கும் போட்டுது. வைச்சிருக்க ஏலாது.

ஆரில பிழை? ஒட்டினவரிலயோ, லாப்பிலயோ, என்னிலயோ. கரை வடிவாப் பொருந்தாமல் இருந்திருக்கலாம். ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டச் சொன்னவர், நான் 2023 முழுக்க ஒரு தரம்கூடப் போகேல்லை. நோகேல்லை எண்டாப் போகத் தேவையில்லை எண்டது எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இருக்கிற வருத்தம்.

2024 ஆனி 14
நேற்று ஆத்திரத்தில எழுதினது. இண்டைக்குப் பாதி ஆறிட்டுது. ‘அப்ப பிறிட்ஜே கூடாதோ’ எண்டு மூண்டு பேர் கேட்டுட்டினம். அப்பிடியில்லை. 10, 15 வருசம் ஓடுறதுதான் வழமை, என்ர பெரியம்மாட பிறிட்ஜ் 2001 இல போட்டது இன்னும் நிக்குது, அவ நூலும் விடுறேல்லை ஒண்டும் விடுறேல்லை, கோதாரி. ஆனா ‘ஆயுளுக்கும்’ எண்ட அந்தச் சித்தப்பாட கதையை விடுங்கோ.

எனக்கு இப்ப படுற யோசினை இதுதான். நான் எல்லாரிட்டயும் கேட்டது போன பல்லைப் பற்றி. எது போட்டா நல்லம், என்ன நிறம், என்ன விலை. நிக்கிற ரெண்டு பல்லைப் பற்றி ஒருக்காலும் ஒழுங்காக் கேக்கேல்லை. பிறிட்ஜுக்கு வாற கேள்வி முழுக்க அந்த ரெண்டிலதான். ரெண்டும் ஏற்கெனவே பெரிய அடைப்போட, தொப்பி தேவைப்படுற பல்லு எண்டால் பிறிட்ஜ் நியாயம், ஒரு கல்லில ரெண்டு மாங்காய். ரெண்டும் புதுப் பல்லு எண்டால் ஒண்டுக்கு வேண்டி ரெண்டைக் குடுக்கிறம். எனக்கு ஒண்டு அப்பிடி ஒண்டு இப்பிடி. அதிலயும் பாருங்கோ, நல்ல பல்லுத் தாங்கினது, நரம்பு எடுத்த பலவீனமான பல்லுத்தான் விழுந்தது. நரம்பில்லாத பல்லைத் தூணா வைக்கிறதெண்டால் எவ்வளவு நல்ல பல்லு மேல மிச்சம் இருக்கு எண்டு முதலே பாக்கோணுமாம். இதை 2022 இல கேட்டிருந்தால்.

2024 ஆடி 27
பின்பல்லும் புடுங்கியாச்சு. முன்பல்லுக்குத் தனியா ஒரு தொப்பி. இப்ப இடப்பக்கம் கீழ ரெண்டு கொடுப்புப் பல்லும் இல்லை, ஞானப்பல்லு எப்பவோ போட்டுது, ஆக அங்கால பிடிக்கத் தூண் இல்லை. திரும்பப் பிறிட்ஜ் எண்ட கதைக்கே இடமில்லை. யன்னல் சிலாப் மட்டும்தான், அது கொடுப்புக்கு வேண்டாம்.

மிச்சம் பிளேற் அல்லது இம்பிளான்ற். அம்மா பிளேற்றைச் சிரட்டையோட காட்டி ‘என்னைப் பகிடி பண்ணினியெல்லோ’ எண்டா.

இன்னொரு விசயம், எனக்குப் புதுசு. எல்லா ஓட்டையையும் அடைக்கத்தான் வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லையாம். கடைசிக் கொடுப்புப் பல்லு இல்லாமலே கன பேர் வடிவா மென்டு சாப்பிடுகினம், முன்னால போதிய பல்லு சோடியா முட்டினாச் சரி. ஆனா ஒண்டைக் கவனிக்கோணும், கீழ இடம் வெறுமையா இருந்தா மேல்பல்லு மெல்ல மெல்லக் கீழ இறங்கி வரும். அதால ரெண்டாவதை விட்டிட்டு முதலாவது இடத்துக்கு மட்டும் ஒரு இம்பிளான்ற் பாப்பம் எண்டு சொல்லியிருக்கிறார்.

2024 கார்த்திகை 3
மானிப்பாய்த் தம்பி திரும்பி வந்திருக்கிறார்! ஐயாக்கு 2022 இலயே பிளேற் கட்டினவையாம், என்ர எழுத்தைப் பாத்துப் பிறிட்ஜுக்குப் போக வெளிக்கிட்டு, பெற்றோல் வரிசையில காசெல்லாம் கரைஞ்சு, கடைசியில பிளேற். ஒரு மாசம் நச்சரிச்சவராம், பேந்து பழகிட்டுதாம். ஆட்டிறைச்சி சாப்பிடுறார் எண்டு எழுதியிருக்கு. ‘யோசியாமப் போடும்’ எண்டு நான் எழுதினதை அவர் கேக்காமல் விட்டது நல்லதாப் போச்சு. அந்த வரியை அழிப்பம் எண்டு பாத்தன், வேண்டாம், கிடக்கட்டும்.

2024 மார்கழி 15
இம்பிளான்ற் பற்றிக் கேட்டவைக்குக் கெதியாச் சொல்லிப்போட்டு விடுறன். தைற்றேனியத்தில செய்த ஒரு ஸ்குரூ, எலும்புக்க இறக்கிறது, எலும்பு அதைத் தன்ர ஆள் எண்டு பிடிக்க மூண்டு மாசத்திலயிருந்து ஆறு மாசம். அதுக்குப் பிறகுதான் மேல பல்லு. எலும்பு தைற்றேனியத்தைப் பிடிக்கும் எண்டு கண்டது சுவீடனில, 1965 இல முதல் ஆளுக்குப் போட்டவை. பக்கத்துப் பல்லைத் தொடத் தேவையில்லை, அதுதான் அதின்ர பெரிய நன்மை.

அதுக்காக எல்லாருக்கும் சரிவரும் எண்டில்லை. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில இல்லாட்டி, சிகரெட் இருந்தாப் பிழைக்கிற சான்ஸ் கூட. எனக்கு மூண்டு மாசச் சீனிச் சோதினை 8.4. இதை வைச்சுக்கொண்டு போடமாட்டன் எண்டு டொக்டர் திருப்பி அனுப்பிட்டார். கோவம்தான் வந்தது, காசோட போன ஆளை ஆர் திருப்பி அனுப்புவினம். இப்ப குத்தரிசிச் சோறு ஒரு நேரம், பின்னேரம் பண்ணைப் பாலத்தில நடை, தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை சர்க்கரையும் இல்லை.

2025 மாசி 9
சீனிச் சோதினை 6.9. போன வியாழன் ஸ்குரூ இறக்கியாச்சு. முதல் ஸ்கான் எடுத்து, கீழ்த் தாடையுக்க ஓடுற நரம்புக்கு எவ்வளவு தூரம் எண்டு மில்லிமீற்றர் கணக்கில அளந்தவை, அந்த நரம்பில பட்டாச் சொண்டு விறைச்சபடியே நிண்டிடுமாம். மூண்டு வருசத்துக்கு மேல வெறுமையாக் கிடந்த எலும்பு மெலிஞ்சுதான் இருக்கு, ஆனாக் காணும் எண்டார். காசில முக்கால்வாசி ரொறன்ரோத் தங்கச்சி. நூல் அனுப்பினவ இப்ப ஸ்குரூவும் அனுப்பிட்டா எண்டு சிரிக்கிறா.

நோவைப் பற்றி எல்லாரும் கேப்பியள். புடுங்கினதைவிடக் குறைவு. வீக்கம் ரெண்டு நாள்.

இந்த வியாழன் தையல் பிரிப்பு. அதுமட்டும் இடியப்பமும் சொதியும் ஆறவைச்சு. நேற்று மனிசியின்ர தம்பி ஊரிலயிருந்து பார்க்க வந்தவன், ஒரு பை நிறையப் புழுக்கொடியல். நோயாளியைப் பாக்க வெறுங்கையோட வரக்கூடாதாம்.